பட்டம் பார்த்துச் சமைக்கும் ஊர்

கொங்கு நாட்டுக்குக் காய்கறி சாப்பிடப் போவதென்றால் மார்கழிக் கடைசியில் போக வேண்டும். ஆடியில் விதைத்ததெல்லாம் அப்போதுதான் கைக்கு வருகிறது. மொச்சை மணி திரண்டிருக்கும், இன்னும் காய்ந்திருக்காது. துவரை கொத்துக் கொத்தாகக் காய்த்துச் செடியைச் சாய்க்கும். அவரைக்குப் பனி பட்டுச் சுவை ஏறியிருக்கும். அரசாணிக்காய் (பரங்கி) கொடியை விட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்திருக்கும். இந்தக் கணக்கை வைத்துத்தான், பொங்கலுக்கு முந்தைய வாரம் கோவையில் ரயிலேறிச் சோமனூரில் இறங்கினேன்.

காய்கறிக்காகச் சோமனூர் போகிறேன் என்றதும் நண்பர்கள் வியந்தார்கள். தொண்டாமுத்தூர் இருக்கிறது, கிணத்துக்கடவு தக்காளிச் சந்தை இருக்கிறது, காரமடைப் பக்கம் செங்காம்புக் கறிவேப்பிலைத் தோட்டங்கள் இருக்கின்றன. சோமனூர் விசைத்தறி ஊர். காடாத் துணிக்கும் கூலி உயர்வுப் போராட்டங்களுக்கும் பெயர் போனது. நான் போனதும் அதற்காகவே. காய் விளையும் ஊரில் நல்ல காய் கிடைப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. இரவும் பகலும் தறி ஓட்டி, ஷிப்ட் கணக்கில் தூங்கி எழுகிற ஓர் ஊர், தன்னைச் சுற்றியுள்ள தோட்டங்களை நம்பி இன்னும் உலை வைக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது.

பீளமேடு, இருகூர், சூலூர் ரோடு என்று வண்டி ஊர்ந்து வந்தது. சூலூர் ரோடு தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே தென்னந்தோப்பும் சோளத்தட்டுப் போரும் மாறி மாறி வந்தன. அவற்றுக்கு நடுநடுவே நீளமான தறிக்குடோன்கள். ஒரு பக்கச் சுவரை ஒட்டிப் பீர்க்கங்கொடி ஏறியிருக்கும், உள்ளே தறி அடித்துக்கொண்டிருக்கும். இந்த வட்டாரத்தில் பல குடும்பங்களுக்குத் தறியும் உண்டு, தோட்டமும் உண்டு. கிணறு வற்றிய ஆண்டில் தறி சோறு போடும். நூல் விலை ஏறித் தறி நின்ற மாதத்தில் தோட்டம் கை கொடுக்கும்.

நான் தங்கியது சாமளாபுரம் போகும் வழியில், நண்பரின் பெரியம்மா வீட்டில். அவர்களுக்கும் அப்படித்தான்: வீட்டுக்குப் பின்னால் தறிக்குடோன், அதற்குப் பின்னால் தோட்டம், அதையும் தாண்டி மானாவாரிக் காடு. பெரியம்மாவுக்கு எழுபதை ஒட்டிய வயது.

"வா கண்ணு, ரயில்லயா வந்தே? மொதல்ல தண்ணி குடி. கொழம்புக்கு என்ன வெக்கறதுன்னு இன்னும் முடிவு பண்ணல. காட்டுக்குப் போய்ப் பாத்துட்டுத்தான் சொல்லோணும்."

என்ன சமைக்கலாம் என்று முடிவு செய்துவிட்டுக் காய் வாங்கப் போகிறவன் நான். நகரத்தில் எல்லாரும் அப்படித்தான். இங்கே காட்டைப் பார்த்த பிறகுதான் குழம்பு முடிவாகிறது. இந்த வரிசை மாறிப்போனதில் நாம் இழந்தது அதிகம் என்பது என் எண்ணம்.

காட்டில் சோளம் அறுத்து முடிந்திருந்தது. ஊடுபயிராகப் போட்ட மொச்சையும் துவரையும் மட்டும் நின்றன. பெரியம்மா மொச்சைக் காயை விரலால் அழுத்திப் பார்த்துப் பறித்தார். மணி புடைத்து, தோல் சற்றே வெளுத்து, நுனி வாடாமல் இருப்பதுதான் குழம்புக்கு. பறித்த கையில் பிசுபிசுப்பான எண்ணெய் படிந்து, மொச்சைக்கே உரிய அந்தப் பச்சை வாடை நெடுநேரம் போகவில்லை. வேலியோரம் படர்ந்திருந்த அவரையையும் பறித்துக்கொண்டார். அது பொரியலுக்கு. தாவரவியலில் இரண்டும் ஒரே இனம். ஒன்றைத் தோலுக்காக இளசாகப் பறிக்கிறோம், மற்றதை மணிக்காக முற்றவிடுகிறோம்.

நாட்டு மொச்சையும் பழைய வேலி அவரையும் எப்போது விதைத்தாலும் பகல் குறுகும்போதுதான் பூக்கும். ஆடியில் ஊன்றியது வளர்ந்துகொண்டே இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பொழுது சுருங்கியதும் பூ விடும். மார்கழியில் காய். இதைச் சீக்கிரப்படுத்த எந்த உரத்தாலும் முடியாது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதை மழைக்கான பழமொழி என்றுதான் நான் நினைத்திருந்தேன். பகலின் நீளமும் அதற்குள் இருக்கிறது. கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தந்த குத்து அவரை ரகங்கள் இந்தக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டன. அவை எல்லா மாதமும் காய்க்கும். 1868இல் சைதாப்பேட்டையில் பண்ணைப் பள்ளியாகத் தொடங்கி, 1906ஐ ஒட்டிக் கோவைக்கு வந்து, 1971இல் பல்கலைக்கழகமான அந்த நிறுவனத்துக்கு நம் காய்கறிக் கூடை பட்டிருக்கும் கடன் பெரிது. 'கோ' என்று தொடங்கும் ரகம் எதுவானாலும் அது கோயமுத்தூரின் பிள்ளை. வரிக் கத்தரியிலிருந்து தெரிந்தெடுத்த கோ 2 கத்தரியும் அப்படித்தான். ஆண்டு முழுதும் காய் கிடைப்பது விவசாயிக்கு நல்லது. ஆனால் பனிக்கால வேலி அவரைக்கு இருக்கும் ருசி தனி. அது எதனால் என்று எனக்கு விளக்கத் தெரியாது, நாக்குக்குத் தெரிகிறது.

திரும்பும் வழியில் பெரியம்மா குனிந்து குனிந்து எதையோ கிள்ளி மடியில் போட்டுக்கொண்டே வந்தார். பண்ணைக்கீரை. மழைக்குப் பின் மானாவாரிக் காட்டில் தானாக முளைப்பது. தொய்யக்கீரையும் அப்படியே. இவற்றுக்கு விதை கிடையாது, பாத்தி கிடையாது, விலையும் கிடையாது. களையெடுக்கப் போகிற பெண்கள் சாயங்காலம் மடி நிறையக் கொண்டு வந்து கடைந்துவிடுவார்கள். களைக்கொல்லி அடிக்கும் காடுகளில் இந்தக் கீரைகள் வருவதில்லை. கூலிக்கு ஆள் கிடைக்காததால் களைக்கொல்லி அடிக்கிறவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதில் போவது களை மட்டுமல்ல, ஏழை வீட்டுச் சாறும்தான். இதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

இனி அடுப்படி. மொச்சையை உரித்து உப்புப் போட்டுத் தனியே வேகவைத்தார். வடச்சட்டியில் கடலெண்ணெய் ஊற்றி, இரண்டு கை சின்ன வெங்காயம், வரமிளகாய், மல்லி, சீரகம், நாலைந்து மிளகு, ஒரு கொத்துக் கறிவேப்பிலை. வெங்காயம் நிறம் மாறியதும் கடைசியாகத் தேங்காய்த் துருவல். ஆறவைத்து மிக்ஸியில் அரைத்தார். அம்மி வாசலில் இருந்தது, முழங்கால் வலி அதன் பக்கம் விடுவதில்லை. கத்தரிக்காயை நாலாகக் கீறித் தண்ணீரில் போட்டிருந்தார். அதை வதக்கி, மஞ்சள்தூள் போட்டு, அரைத்ததைக் கரைத்துவிட்டு, வெந்த மொச்சையைச் சேர்த்து, கடைசியில் பேருக்குக் கொஞ்சம் புளி. பட்டை இல்லை, கிராம்பு இல்லை, சோம்பு இல்லை.

கொங்குச் சமையலை எளிமை என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். மசாலா குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம் அன்று என் கண்ணெதிரே இருந்தது. மொச்சையும் துவரையும் பச்சையாகப் பறித்த நேரத்தில்தான் இனிப்பாக இருக்கும். பறித்த பிறகு நேரம் ஆக ஆக அந்தச் சர்க்கரை குறைந்து மாவுத்தன்மை ஏறிவிடும். பட்டணத்துக்கு இரண்டு நாள் கழித்து வரும் மொச்சைக்கு மசாலா வேண்டும். இல்லாவிட்டால் வாயில் வைக்க முடியாது. காட்டிலிருந்து அடுப்புக்கு அரை மணி நேரத்தில் வந்த மொச்சைக்கு வெங்காயமும் சீரகமும் போதும். அதற்கு மேல் எது போட்டாலும் மொச்சையின் வாசம் அடங்கிப்போகும். கத்தரிக்காய் கரைந்து குழம்பைத் திக்காக்கியிருந்தது. மொச்சையைக் கடித்தால் தோல் சற்று எதிர்த்து, உள்ளே வெண்ணெய் மாதிரி உடைந்தது. சோற்றுக்கு ஊற்றியதைவிட வெறும் கிண்ணத்தில் வாங்கித் தின்றதே அதிகம்.

பண்ணைக்கீரைக்கு மண்சட்டி. சின்ன வெங்காயம், பூண்டு, பச்சைமிளகாய், சீரகம், ஒரு தக்காளி, கீரை எல்லாம் ஒன்றாக வெந்ததும் தண்ணீரை வடித்து வைத்துக்கொண்டு மத்தால் கடைந்தார். கடைகிற சட்டிக்கு உட்புறம் சொரசொரப்பாக இருக்க வேண்டும். அதில் உரசித்தான் கீரை மசியும். மிக்ஸியில் அடித்தால் கீரை கூழாகிவிடுகிறது, கடைசல் ஆவதில்லை. வடித்த தண்ணீரை மறுபடி ஊற்றித் தளர்த்தி, கடுகும் வரமிளகாயும் தாளித்துக் கொட்டினார். பக்கத்து அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது, ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டு. பருப்பு பூவாக வேகவும் வயிற்றில் வாயு சேராமல் இருக்கவும் என்று கொங்கு வீடுகளில் விடுவார்கள்.

கோவையில் 'கொங்கு விருந்து' என்று பலகை மாட்டிய உணவகங்கள் பெருகியிருக்கின்றன. பள்ளிபாளையம் சிக்கன் எல்லாவற்றிலும் கிடைக்கும். பண்ணைக்கீரை கடைசலை நான் எதிலும் பார்த்ததில்லை. கொங்கு வீடுகளில் வாரத்தில் பெரும்பாலான நாட்கள் கீரையும் பயறும் காயும்தான். தட்டப்பயறு கத்தரிக்காய்க் குழம்பு, பச்சைப்பயறு கடையல், கொள்ளுப்பருப்பு, புளிச்சக்கீரை, அரசாணிக்காய்ப் பொரியல். இவை உணவகப் பட்டியலில் ஏறாதவரை கொங்கு உணவு என்று வெளியூர்க்காரர்கள் அறிவது பாதிதான்.

சாயங்காலம் தறிக்குடோன்கள் நெருங்கியிருக்கும் ஒரு வீதிக்குப் போனேன். ஷிப்ட் மாறும் நேரம். டிவிஎஸ் எக்ஸ்எல்லில் முன்னும் பின்னும் கூடை கட்டிக்கொண்டு ஒருவர் வந்து நின்றார். தறிச் சத்தத்தில் ஹாரன் அடித்துப் பயனில்லை. கையைத் தட்டிச் சைகை காட்டினார். பஞ்சு ஒட்டிய தலையோடு பெண்கள் வந்து சூழ்ந்தார்கள். கத்தரி, அவரை, தண்டுக்கீரை, பச்சைத் துவரை, கீறி விற்கும் அரசாணிப் பத்தை. ஒருவர் பீன்ஸ் கேட்டார்.

"பீன்ஸ் ஊட்டில இருந்து வரோணுமுங்க அக்கா. நம்மூரு அவரக்கா இருக்குது, ஒடிச்சுப் பாருங்க."

அவர் ஒடித்துப் பார்த்தார். படக்கென்று ஒடிந்தது. கால் கிலோ வாங்கிக்கொண்டார். பன்னிரண்டு மணி நேரம் தறிக்குள் நின்றுவிட்டு வந்தவருக்கு விரிவாகச் சமைக்க நேரம் ஏது? அந்த வீதியில் அன்று இரவு பல வீடுகளில் அரிசிம்பருப்புதான். அரிசியும் துவரம்பருப்பும் சின்ன வெங்காயமும் பூண்டும் தக்காளியும் மஞ்சளும் சீரகமும் ஒரே குக்கரில். மேலே நெய்யோ கடலெண்ணெயோ, பக்கத்தில் தயிர், கூடவே ஏதாவது ஒரு பொரியல். அந்த ஒரு பொரியல்தான் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. அரிசிம்பருப்பு ஆண்டு முழுதும் ஒன்றே. பருவம் வந்து உட்காருவது தொட்டுக்கொள்வதில். தறி ஊர் எப்படித் தோட்டத்தை நம்பி வாழ்கிறது என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை இந்தக் கால் கிலோ அவரைதான்.

மறுநாள் பல்லடம் பக்கம் ஒரு வெங்காயத் தோட்டம். தோட்டக்காரர் தை அறுவடைக்காகப் பட்டறையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். பட்டறை என்பது சின்ன வெங்காயத்தை மாதக்கணக்கில் கெடாமல் வைக்கும் கட்டு. தரையில் கற்களைப் பரப்பி, அதன்மேல் கட்டைகளை இடைவெளி விட்டு அடுக்கி, இரு பக்கமும் கம்பு நட்டு வலையோ தடுக்கோ கட்டுகிறார்கள். வெங்காயத்தைத் தாளோடு உலர்த்தி உள்ளே அடுக்கி, மேலே ஓலை வேய்கிறார்கள். அகலம் குறைவு, நீளம் அதிகம். காற்று அடியிலும் பக்கத்திலும் புகுந்து ஓட வேண்டும் என்பதே காரணம். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று இந்த மண்ணுக்கு இயற்கை தந்த குளிர்பதனக் கிடங்கு. மின்சாரம் ஒரு யூனிட் செலவில்லை.

"ஏனுங்க, எந்தூருங்க? பட்டறயெல்லாம் பாக்க வந்திருக்கறீங்க!" என்று சிரித்தவர், "வெல வந்தா அள்ளிப் போட்டுருவனுங்க. வரலீன்னா இதுலயே கெடக்கட்டும்" என்றார். தக்காளிக்கு இந்த வசதி இல்லை. பழுத்ததை அன்றே சந்தைக்கு ஏற்ற வேண்டும். பறிகூலிக்கும் கட்டாத நாளில் செடியிலேயே விட்டுவிடுகிறார்கள். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டிய அதே தக்காளியைத்தான் வேறு மாதங்களில் சாலையோரம் கொட்டுகிறார்கள். சின்ன வெங்காய விவசாயி பேரம் பேச முடிவதற்கு இந்தக் கல்லும் கட்டையும் ஓலையும்தான் பலம். முன்பு காயைத்தான் விதையாக நட வேண்டும். பட்டறையில் விதைக்கென்று ஒரு பங்கு ஒதுங்கும். இப்போது கோ (ஆன்) 5 போல விதை மூலம் வளரும் ரகமும் வந்திருப்பதால் அந்தச் செலவு குறைந்திருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உள்ளூர்க் காய், நாட்டுக் காய் என்று பேசும்போது அது ஆதியிலிருந்தே நம்முடையது என்ற எண்ணம் பலருக்கு வந்துவிடுகிறது. பெரியம்மாவின் திண்ணையில் இருந்த அரசாணி, குழம்பில் போட்ட வரமிளகாய், கீரையில் வெந்த தக்காளி, வதக்கிய எண்ணெய்க்கான நிலக்கடலை எல்லாமே அமெரிக்கக் கண்டங்களில் தோன்றி, கடல் வழியே வந்து, இந்த மண்ணில் இடம்பிடித்தவை. கத்தரியும் துவரையும் இந்த நாட்டவை. இரண்டு வகையும் ஒரே சட்டியில் வேகின்றன. பூர்வீகம் பார்த்துச் சமைத்தால் கொங்கு நாட்டில் குழம்பு வைக்க முடியாது. எந்த மண்ணில், எந்த மாதத்தில், எவ்வளவு தண்ணீரில் விளைந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அந்தத் தண்ணீர்தான் இங்கே பெரும்பாடு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கும் நிலம். ஆண்டு மழை 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான். ஆழக் கிணறு வெட்டி, மாடு பூட்டிக் கவலை இறைத்துத் தோட்டம் செய்த மக்கள் இவர்கள். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது. கோவையிலேயே மோட்டார் பம்ப் செய்யத் தொடங்கினார்கள். இறைப்பது எளிதானது, கிணற்று நீர் மட்டம் இறங்கியது, ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. சோமனூருக்குத் தெற்கே நொய்யல். வெள்ளியங்கிரி மலையில் தெளிவாகப் புறப்படும் ஆறு, கோவையைக் கடந்து இங்கே வரும்போது நகரத்துச் சாக்கடையைச் சுமந்து வருகிறது. திருப்பூருக்குக் கீழே சாயக் கழிவால் அதற்கு நேர்ந்ததைத் தமிழ்நாடே அறியும். 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குப் பதில் சாயநீரைத் தேக்கியது. 2011இல் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிடும் வரை போனது அது. சாமளாபுரம் குளக்கரையில் நின்றபோது நீர்ப்பறவைகள் நிறைய இருந்தன, தண்ணீரில் ஆகாயத்தாமரையும் நிறைய இருந்தது. இந்தக் குளத்து ஊற்றில்தான் சுற்றுவட்டாரக் கிணறுகள் வாழ்கின்றன. பண்ணைக்கீரையின் ருசியைப் பாடிவிட்டு இந்தத் தண்ணீரைப் பற்றிப் பேசாமல் போக எனக்கு மனம் வரவில்லை. கோவைக்காரர்கள் வீட்டுச் சாக்கடை எங்கே போகிறது என்று கேட்காதவரை, அது சுற்றிச் சுற்றி அவர்கள் கூடைக்கே வரும்.

கோவை–அவிநாசி நெடுஞ்சாலைக்கு வடக்கே நிலைமை சற்றுத் தெம்பாக இருக்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கியது. பவானியின் உபரி நீர் 1.5 டிஎம்சியை ஏற்றி, 1,045 குளம் குட்டைகளை நிரப்புவது திட்டம். பெரியம்மாவின் அண்ணன் வீடு அவிநாசிப் பக்கம். நிரம்பாத குட்டை நிரம்பியதைப் பற்றி அவர் போனில் பேசியதையெல்லாம் பெரியம்மா மனப்பாடமாகச் சொன்னார். அண்ணன் இந்தத் தைப்பட்டத்துக்குக் கல்தூண் நட்டுக் கம்பிப் பந்தல் போட்டுப் பாவக்காய் வைக்கப் போகிறாராம்.

ஊருக்குத் திரும்பும் நாள் விடியலில் சூலூர் உழவர் சந்தையைப் பார்த்துவிட்டுப் போனேன். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அது தமிழ்நாடு முழுதும் பரவியது. மொத்த விலையைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூடவும், சில்லறை விலையைவிட 15 சதவீதம் குறைவாகவும் விலை வைப்பது அதன் முறை. இடைத்தரகர் இல்லை, அடையாள அட்டை உள்ள விவசாயிதான் உட்கார முடியும். விலைப்பலகையைப் படித்தாலே மாதம் தெரிந்துவிடுகிறது. அவரையும் மொச்சையும் துவரையும் மலிந்து கிடந்தன, முருங்கைக்காய் யானை விலை. மார்கழியில் முருங்கைக்காய் அப்படித்தான், பங்குனியில் கொட்டும். விலை ஏறிய காயைத் தேடிப் பிடித்து வாங்குவதைவிட, மலிந்த காயைப் பத்து விதமாகச் சமைக்கப் பழகுவதே சமையல் திறமை என்று நான் நினைக்கிறேன். அந்தப் பலகையை மாற்றி எழுதுவது பருவம். அதைப் பார்த்துச் சமைத்தால் செலவும் குறையும், நாக்குக்கும் நல்லது, எதிரே உட்கார்ந்திருக்கும் விவசாயிக்கும் சரக்குத் தேங்காது.

கிளம்பும்போது பெரியம்மாவிடம் அடுத்து எப்போது வரலாம் என்று கேட்டிருந்தேன். விரல் மடக்கிச் சொன்னார்.

"மாசில வந்தீன்னா புது வெங்காயம். பங்குனி, சித்திரைல முருங்கக்கா, வெள்ளரிக்கா. ஆனில மட்டும் வராத கண்ணு, ஒண்ணுமே இருக்காது. கொள்ளும் வத்தலுந்தான்."

அவரைக்காயை வேகவைத்து உலர்த்திய வத்தல், கத்தரி வத்தல், கொத்தவரை வத்தல், மோரில் ஊறிக் காய்ந்த சுண்டைக்காய். மாசி வெயிலில் பாயில் பரப்பி, தறிக்குடோன் ஓட்டின்மேல் காயவைத்து, ஆனிக்கென்று டப்பாவில் அடைத்து வைப்பாராம். கொள்ளை வறுத்து வேகவைத்துக் கடைந்து, அந்தத் தண்ணீரில் ரசம் வைத்து, வத்தலைக் கடலெண்ணெயில் பொரித்துத் தொட்டுக்கொள்வார்களாம். ஆனியில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.